மை வீடு

எங்கள் ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள். அடுத்தது கிணற்றடி, மாட்டுத்தொழுவம். அங்கேயும் இல்லையென்றால் மை வீட்டுக்குப் போவார்கள். போலீஸ் ஸ்டேஷன் நினைப்பு அதற்கும் பிறகுதான் வரும். பெரும்பாலும் வராமலே போய்விடும்.

செங்கோட்டைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். ஆனி பிறந்துவிட்டால் சாரல் ஓயாது. துவைத்த துணியை அடுப்படிக் கொடியில்தான் காயப்போட வேண்டும். செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்து 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. நான் பிறந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. ஆனாலும் தாத்தாமார் பேச்சில் மகாராஜா இன்னும் ஆண்டுகொண்டுதான் இருந்தார்.

கிழக்கே கோவில்பட்டி, சங்கரன்கோவில்காரர்களுக்கு மாந்திரீகம் என்றால் மலையாளம். மலையைத் தாண்டிப் போக வேண்டாம், மலையாளக் காற்று அடிக்கிற ஊரே போதும் என்று எங்கள் ஊருக்கு வருவார்கள். மேற்கே புனலூர், தென்மலைப் பக்கத்தவர்களோ பாண்டி நாட்டு மந்திரம்தான் பலிக்கும் என்று மலையிறங்கி வருவார்கள். இரண்டு கூட்டத்தையும் மீட்டர்கேஜ் ரயில் கொண்டுவந்து இறக்கிவிடும். 1904-இல் மலைக்குள் ஓடத் தொடங்கிய ரயில் அது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைக் கடந்து, குகைகளுக்குள் புகுந்து புகுந்து வரும். மந்திரவாதி என்பவர் எப்போதும் மலைக்கு அந்தப்பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தப்பக்கத்தார் நம்மைப் பற்றியும் அதையேதான் நினைக்கிறார்கள் என்பதை மை வீட்டுத் திண்ணையில் இரண்டு மொழியும் பேசிக்கொண்டு காத்திருந்தவர்களைப் பார்த்து நான் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

மை வீடு எங்கள் வரிசையிலேயே, தெருக்கோடியில் இருந்தது. வீட்டில் எல்லாரும் பெண்கள். ஆச்சி, அவள் மகள்கள் இரண்டு பேர், பம்பாய்க்குப் போன மகனின் பெண்டாட்டி, அவள் பெண். அந்தப் பெண் என் வகுப்பு. மந்திரம் தெரிந்தவர் ஆச்சியின் வீட்டுக்காரர்தானாம். அவர் போனதும் இனி அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது என்று ஊர் நினைத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த வெள்ளிக்கிழமை ஆச்சியே மணையைப் போட்டு உட்கார்ந்து விளக்கை ஏற்றிவிட்டாள். அவர் விட்டுப்போன ஏட்டுக்கட்டு மச்சில் இருப்பதாகவும், ராத்திரி அது தானாகவே புரளும் என்றும் ஊரில் பேச்சு. என் சிநேகிதி என்னை மச்சுக்குக் கூட்டிப்போய் அந்தக் கட்டை அவிழ்த்தே காட்டினாள். பாதி, வயல் பத்திரம். மீதி, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்கிற கணக்கு நோட்டு. புரண்டது எலியாக இருக்கும்.

அந்த மையைப் பற்றி ஊர் சொன்ன கதை குலைநடுங்க வைக்கும். தலைச்சன் பிள்ளையின் மண்டையோட்டைக் கருக்கி எடுப்பது என்பார்கள். நான் தலைச்சன். அம்மா என்னை அந்த வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். சொல்லிவைத்ததனாலேயே நான் அங்கேயே கிடந்தேன். மை எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரிய மகள், நாங்கள் பெரியம்மை என்று கூப்பிடுகிறவள், கரிசலாங்கண்ணிக் கீரையை அம்மியில் வைத்துத் தட்டிச் சாறு பிழிவாள். பழைய மல்வேட்டித் துணியை அதில் நனைத்து நிழலில் உலர்த்துவாள், மறுபடியும் நனைப்பாள். துணி விறைத்துப் பச்சையும் கறுப்புமாக ஆனபின் அதைத் திரித்து அகலில் போட்டு விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றுவாள். இருபுறமும் செங்கல் வைத்து, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். காலையில் தட்டின் அடியில் வெல்வெட்டாகக் கரி படிந்திருக்கும். மயிலிறகால் அதை வழித்து, நெய் விட்டுக் குழைத்து, கொட்டாங்கச்சியில் எடுத்துவைப்பாள். வழிக்கையில் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், விட்டால் பறந்துவிடும். அதில் ஒரு விரல் எடுத்து என் கண்ணுக்கும் தீட்டிவிடுவாள். வேறு எந்த வீட்டிலும் எடுக்கிற கண்மைதான். இங்கே மீதியை வெற்றிலையில் தடவினார்கள், அவ்வளவே வித்தியாசம்.

வெற்றிலையில் மையைத் தடவி, குத்துவிளக்குக்கு முன்னால் பிடித்து, வயசுக்கு வராத பிள்ளை ஒன்றைப் பார்க்கச் சொல்வார்கள். தலைச்சனாக இருந்தால் விசேஷம். நான் பார்த்திருக்கிறேன்.

"என்ன தெரியுது?"

"ஒரு ஆள் கூட்டுதான்."

"பொறவு?"

"தண்ணி தெளிக்கான்."

"நாற்காலி கொண்டாந்து போடுதானா?"

"போடுதான்."

"யாரு வந்து இருக்கா?"

"அனுமார்."

அனுமார் வந்து உட்கார்ந்தபின் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். கூட்டுகிறவன், தெளிக்கிறவன், நாற்காலி, அனுமார் என்கிற வரிசை ஊரில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். நான் உண்மையில் பார்த்தேனா என்றால், நெய்ப் பளபளப்பில் சுடர் இப்படியும் அப்படியும் ஆடும். கொஞ்ச நேரம் உற்றுப்பார்த்தால் அது யாரோ குனிந்து கூட்டுவதாகத்தான் தெரியும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல காலம் கழித்து எட்வர்ட் லேன் என்கிற ஆங்கிலேயர் எகிப்து மக்களைப் பற்றி எழுதி 1836-இல் வெளிவந்த புத்தகம் கையில் கிடைத்தது. கெய்ரோவில் ஒரு மந்திரவாதி, ஒரு பையனின் உள்ளங்கையில் மையை ஊற்றிப் பார்க்கச் சொல்கிறார். பையன் முதலில் காண்பது என்ன? ஒரு ஆள் தரையைக் கூட்டுகிறான்! படித்துக்கொண்டிருந்த நூலகத்தில் நான் உரக்கவே சிரித்துவிட்டேன். அங்கே அதற்கப்புறம் கொடிகள் வருகின்றன, கூடாரம் வருகிறது, கடைசியில் வருவது சுல்தான். எங்கள் ஊர் அனுமார் இருக்க வேண்டிய இடத்தில் அவர். நெல்சனை வரவழைக்கச் சொன்னபோது பையன் ஒரு கை இல்லாத ஆள் தெரிகிறார் என்றானாம். கூட்டுகிற வேலைக்காரர் எங்கிருந்து எங்கே போனார், யார் கூட்டிப்போனார்கள் என்பதை யாராவது ஆராய்ந்து எழுதினால் நான் காசு கொடுத்து வாங்குவேன். வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' நாவல் 1868-இல் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களின் தாய் என்று பலர் கொண்டாடுவது. இந்தியாவிலிருந்து களவுபோன ஒரு வைரம்தான் அதன் கதை. அதிலும் ஆரம்பத்திலேயே மூன்று இந்தியர்கள் ஒரு சிறுவன் கையில் மையை ஊற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். துப்பறியும் கதை பிறந்த வீட்டில் எங்கள் பெரியம்மையின் கொட்டாங்கச்சியும் ஒரு மூலையில் இருந்திருக்கிறது.

அந்த வீட்டின் கெட்டிக்காரத்தனம் மையில் இல்லை என்பது கல்யாண வீட்டுப் பாம்படம் காணாமல் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கே புரிந்ததாகச் சொன்னால் மிகை. பார்த்ததெல்லாம் மனசில் கிடந்து, வெகுகாலம் கழித்துத்தான் ஒன்றோடொன்று சேர்ந்தது.

பாம்படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே அரக்கு, மேலே பொன்தகடு. சதுரமும் உருண்டையுமாகச் சேர்ந்து ஏதோ கணக்குப் பாடப் பொம்மையாகக் காதில் தொங்கும். காது வளர்த்துத் தோள் வரை இறக்கிய ஆச்சிமார்தான் அதைப் போடலாம். நான் சொல்கிற 1980-களில் அவர்களில் பலரும் வடிந்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு வந்துவிட்டார்கள். பாம்படம் பெட்டிக்குள் போய்விட்டது, அல்லது உருக்கிப் பேத்திக்கு வளையலாகிவிட்டது. கல்யாண வீட்டு ஆச்சி மட்டும் தைக்க மாட்டேன் என்று இருந்தாள். தாலிகட்டு முடிந்த ராத்திரி கழற்றித் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தாளாம். விடிந்து பார்த்தால் ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை.

சந்தேகம் யார்மேல் விழும்? பாத்திரம் தேய்க்க வந்தவள்மேல்தான் விழுந்தது. அவளைத் திண்ணையில் உட்காரவைத்து, மந்திரித்த அரிசி வேண்டும் என்று மை வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். சந்தேகப்பட்டவர் வாயில் பச்சரிசியைப் போட்டு மென்று துப்பச் சொல்வது பழைய வழக்கம். திருடியவர் துப்பினால் அரிசி காய்ந்து மாவாக விழுமாம். இதில் விஷயம் இல்லாமல் இல்லை. பயம் வந்தால் உமிழ்நீர் சுரப்பது நிற்கும். உடம்பு ஓடவோ சண்டைபோடவோ தயாராகும்போது சாப்பாட்டு வேலைகளை நிறுத்திவைத்துவிடும். உண்மை கண்டறியும் கருவி என்று மின்கம்பி மாட்டிச் செய்வதும் அதே பயத்தை வேறு இடத்தில் அளப்பதுதான்.

ஆச்சி அரிசி தரவில்லை. நேராகக் கல்யாண வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "களவாண்டவனுக்கும் வாய் காயும், பயந்தவளுக்கும் வாய் காயும். இவளுக்கு இப்பவே காஞ்சிதான் இருக்கு. ஒரு செம்பு தண்ணி குடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. வெள்ளிக்கிழம நான் மை போடுதேன்."

அன்றைக்குச் செவ்வாயோ புதனோ. உடனே போடாமல் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியது நாள் நட்சத்திரம் பார்த்து என்று எல்லாரும் நினைத்தார்கள். இடையில் அந்த வீட்டுப் பெண்கள் செய்த ஒரே காரியம் வீடு வீடாகப் போய் ஒரு பிடி அரிசி வாங்கியது. சடங்குக்கு வேண்டுமாம். பெரியம்மை அடுப்படிக்குள்ளேயே போய் உட்கார்ந்து, கல்யாணச் சாப்பாட்டில் அவியல் நன்றாயிருந்ததா இல்லையா என்று தொடங்கி, சம்பந்தி வீட்டுக் குறை வரைக்கும் ஒரு மணி நேரம் பேசுவாள். சித்தி, அதாவது சின்ன மகள், வாயே திறக்காமல் நிலைப்படியில் சாய்ந்து நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருமகள் வாசலில் பிள்ளைகளோடு சொட்டாங்கல் ஆடுவாள். பிள்ளைகள் என்னதான் சொல்லமாட்டார்கள்! நான் கூடவே போனேன், பை பிடிப்பதற்கு. வாங்கிய அரிசியை அவர்கள் வழக்கமான அரிசியோடு கொட்டிச் சோறு பொங்கியதையும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் தெரு முழுக்க மை வீட்டு முற்றத்தில். ஆனால் மையைப் போடும் முன்னால் ஒரு காரியம் உண்டு என்றாள் ஆச்சி. பின்கட்டில், இருட்டறையில், தவிட்டுப் பானை ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் அன்றைக்குத் தங்கியிருந்த எல்லாரும், ஆண், பெண், வீட்டுக்காரர் உட்பட, ஒவ்வொருவராக உள்ளே போய் முழங்கை வரை பானைக்குள் விட்டு மூன்று தடவை அளைந்துவிட்டு வர வேண்டும். கை நிறையத் தவிடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். "தவிடு ஒட்டாதவுக கைய நாளைக்குப் பாத்துக்கிடலாம்," என்று மட்டும் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆனது. கடைசி ஆள் வந்ததும் பானையைத் தூக்கிவரச் சொல்லி முறத்தில் கவிழ்த்தாள். தவிட்டுக்குள்ளிருந்து பாம்படம் விழுந்தது. மையே போடவில்லை. தயாராக உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நகை களவுபோனபோது, வீட்டுக்கு வீடு உறையைக் கொடுத்து இருட்டில் அண்டாவில் கொண்டுவந்து போடச்சொன்னதாகவும், நகை திரும்பி வந்ததாகவும் பத்திரிகையில் படித்தேன். அதைப் புதுமை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஆச்சி கேட்டிருந்தால் உறைக்கு ஆன செலவைச் சொல்லிக் கேலி செய்திருப்பாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சித்தி காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்ப ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள். கேட்டதற்கு, காது புண் என்றாள். சிவப்புக்கல் கம்மல் மறுபடியும் அந்தக் காதுக்கு வந்தது அறுப்புக்குப் பிறகு, தை பிறந்து.

எடுத்தவர் அந்த ராத்திரியே பாம்படத்தைத் தென்காசியில் அடகு வைத்திருந்தால்? அதை மீட்கப் பணம் வேண்டும். எடுத்தவரிடம் இருந்திருந்தால் எடுத்தே இருக்க மாட்டார். அரிசி வாங்கப் போன வீடுகளில் ஒன்றில் அடகுச் சீட்டு பெரியம்மை கைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது யாரோ சித்தியிடம் அழுதிருக்க வேண்டும். அந்தத் தை மாதம் வரைக்கும் ஒரு வீட்டிலிருந்து மை வீட்டுக்குத் தினமும் பால் போனது, காசு வாங்காமல். எந்த வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. கல்யாண வீட்டுக்கு அது மிகவும் நெருங்கின சொந்தம். பாத்திரம் தேய்க்க வந்தவள் வீடு இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காரியத்துக்கு மட்டும் இப்படி ஓடிவருகிற ஊர், அந்த வீட்டில் பெண் எடுக்கவில்லை. சித்திக்கு வந்த வரன்கள் தெருமுனையில் வீடு எது என்று விசாரித்ததுமே திரும்பிவிட்டன. யாருக்காவது மாடு செத்தால், பிள்ளை கலைந்தால், அந்த வாசலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றியதும் உண்டு. அதோடு போனது அவர்கள் செய்த புண்ணியம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சூனியக்காரி என்று பேர் வைத்துப் பெண்ணை அடித்துக் கொல்வதைத் தடுக்கத் தனியாகச் சட்டம் போட வேண்டியிருக்கிற நாடு இது. 1999-இல் பீகார் போட்டது, 2001-இல் ஜார்க்கண்ட், 2015-இல் அசாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களை வகைபிரிக்கும்போது 'சூனியம்' என்று தனியாக ஒரு கட்டமே வைத்திருக்கிறது. மை வீட்டை நினைத்து நான் உருகும்போதெல்லாம் அந்தக் கட்டமும் கண்முன் வரும். ஆச்சி ஒரு கணக்குத் தப்பியிருந்தால், ஒரு வெள்ளிக்கிழமை பானை வெறுமனே கவிழ்ந்திருந்தால், என்ன ஆகியிருக்கும்?

சித்தி ஒரு படிப்புப் பைத்தியம். வாடகை நூலகத்திலிருந்து கோட்டயம் புஷ்பநாத்தின் நாவல்களை, மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்தவற்றை, அடுக்கடுக்காக எடுத்துவருவாள். டிடெக்டிவ் மார்க்ஸின், மாந்திரீகர்கள், ரத்தம் குடிக்கிற மோகினி. திண்ணையில் குறி கேட்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே இவள் அட்டைப்படத்தை மடித்து வைத்துக்கொண்டு படித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். 1990-களில் சன் டிவியில் இந்திரா சௌந்தர்ராஜன் கதை எழுதி நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வந்தபோது தெருவில் முதலில் டிவி வாங்கிய வீட்டில் முன்வரிசையில் அவள்தான் இருந்தாள். 'விடாது கருப்பு' பார்த்துவிட்டு எல்லாரும் வாசலுக்கு வரவே பயந்து நிற்க, அவள் மட்டும் டார்ச்சை அடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து போவாள்.

ஆச்சி போனபின் விளக்கு ஏற்ற யாரும் உட்காரவில்லை. பெரியம்மைக்கு முடக்குவாதம். மருமகளும் பேத்தியும் பம்பாய்க்கே போய்விட்டார்கள். மீட்டர்கேஜ் 2010-இல் நின்றது. அகலப்பாதை 2018-இல் திறந்தபோது மலையிறங்கி வருகிறவர்கள் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார்கள், மை பார்க்க யாரும் வரவில்லை. இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேமரா. போன பொங்கலுக்கு ஒரு வீட்டில் வெண்கலக் குத்துவிளக்கு களவுபோனது. எடுத்த பையன் முகம் தெளிவாக விழுந்திருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்விட்டது. குத்துவிளக்கு கிடைத்தது. பையன் பிளஸ் டூ பரீட்சைகூட எழுதாமல் ஊரைவிட்டே போய்விட்டான்.

சித்தியைப் போன வருஷம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாளாம். தலை முழுக்க நரைத்து, அதே சிவப்புக்கல் கம்மல். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வருகிற நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"சித்தி, அந்தப் பாம்படம்... நான் நினைக்கிற வீடுதானா?"

"எந்தப் பாம்படம்?" என்றாள். நான் கல்யாணத்தை, வருஷத்தை, பாலை எல்லாம் சொன்னேன். இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏ பிள்ள, அந்தப் பானையில எத்தன பாம்படம் விழுந்திருக்கு! நீ ஒண்ணுக்குத்தான் வந்தே. ஒனக்கு எதத்தன்னு நான் சொல்ல?" என்றவள், பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "சென்னையில பழைய புஸ்தகக் கடயில புஷ்பநாத் கெடச்சா வாங்கி அனுப்பு. அட்ட இல்லேன்னாலும் பரவாயில்ல. கடைசிப் பக்கம் மட்டும் இருக்கான்னு பாத்து வாங்கு," என்றாள்.